பூசையினால் முத்தி கிட்டுமா?



பட்டப் படிப்பை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய புதிதிலே நான் ஒரு குற்றஞ் செய்தேன். எங்கள் தாயார் நாடோறும் வைகறையில் நீராடி, பூக்கொய்து, சுவாமி அறையிலே விளக்கேற்றி, அரை மணி நேரம் பூசை செய்வார். சங்கரருடைய வேதாந்தத்தைச் சிறிது கற்றிருந்த செருக்கினால், “எல்லாம் பிரமமே என்றால் யார் யாருக்குப் பூப் போடுவது, அம்மா? இது சிறுபிள்ளை விளையாட்டு” என்று சொல்லிவிட்டேன். அவர் சினக்கவில்லை. “சரி தம்பி, இதை விட்டுவிட்டு நான் என்ன செய்யவேணும்?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் விடை இருக்கவில்லை. அவ்வினாவுக்கு அத்துவைத நூல்கள் என்ன விடை கூறுகின்றன என்பதையே இன்று உங்களோடு ஆராய எண்ணுகின்றேன்.

கி. பி. 8ஆம் நூற்றாண்டினர் என அறிஞர் பலர் கருதும் சங்கராசாரியர் இவ்விடயத்திலே சிறிதும் தயக்கமின்றிப் பேசுகின்றார். கருமத்தினால் முத்தி இல்லை. ஞானத்தினால் மட்டுமே முத்தி உண்டு. இதனை அவர் வெறும் ஆணையாகக் கூறவில்லை. அவர் காலத்திலே மீமாஞ்சகர் என்போர் பெருஞ் செல்வாக்குடன் இருந்தனர். வேதத்தின் கருத்து முழுவதும் ‘இதனைச் செய், இதனைச் செய்யாதே’ என்று விதிப்பதும் விலக்குவதுமே என்பது அவர்கள் கொள்கை. அவர்களை மறுத்துப் பிரமசூத்திரத்தின் நான்காஞ் சூத்திரத்துக்கு எழுதிய உரையிலே சங்கரர் ஒரு கணக்குப் போடுகின்றார்.

ஒரு செயலினால் விளையக்கூடிய பயன் நான்கு வகையே என்கின்றார் அவர். குயவன் பானையை வனைவது போல இல்லாத ஒன்று உண்டாகலாம். வழிப்போக்கன் ஓர் ஊரைச் சேர்வது போல எட்ட இருக்கும் ஒன்றை அடையலாம். பால் தயிராவது போல ஒன்று வேறாகத் திரியலாம். அல்லது கண்ணாடியைத் துடைப்பது போல உள்ள ஒன்றைச் செம்மை செய்யலாம். இந்நான்கினையுங் கடந்து ஐந்தாவது ஒன்றை எவராலும் காட்ட முடியாது. இப்பொழுது ஆன்மாவை எடுத்துக்கொள்வோம். முத்தி உண்டாக்கப்படுவதாயின் அது ஒருநாள் அழியவும் வேண்டும், உண்டானதெல்லாம் அழிவதன்றோ? ஆன்மா நம் சொந்த இயல்பே ஆதலின் அதனைப் போய் அடைவதற்கு வழியும் இல்லை, தூரமும் இல்லை. அது திரிவதுமில்லை. கடைசியாகக் கண்ணாடி எஞ்சுகின்றது. இங்கே எதிர்வாதியின் வாயினாலேயே ஒரு நல்ல தடையைச் சங்கரர் எழுப்புகின்றார். கண்ணாடியின் ஒளி அழுக்கினால் மறைந்திருக்கின்றது; துடைத்தவுடன் வெளிப்படுகின்றது; அதுபோல ஆன்மாவையும் கிரியைகளினால் துலக்கலாகாதோ? ஆகாது என்பது அவர் விடை. துடைக்குந் துணி கண்ணாடியிலே படுகின்றது. எந்தச் செயலும் ஆன்மாவிலே படுவதில்லை.

அப்படியாயின், அறிதலும் மனத்தினாற் செய்யும் ஒரு செயல்தானே என்று கேட்கலாம். நானும் மாணவனாய் இருந்தபோது இதனையே கேட்டேன். இதற்கு அவர் கூறும் வேறுபாடு, என் சிற்றறிவுக்கு, அவர் உரைகளுள்ளே மிகவுஞ் சிறந்த பகுதியாகத் தோன்றுகின்றது. செயல் செய்பவனுடைய விருப்பத்தைச் சார்ந்தது. பூசையைச் செய்யலாம், செய்யாது விடலாம், வேறு முறையாகவுஞ் செய்யலாம். அறிவோ அறியப்படும் பொருளைச் சார்ந்தது. இருளிலே நிற்பதொன்றை மரக்கட்டையோ மனிதனோ என்று ஐயுறுகின்றோம். அருகே சென்று பார்த்தால் அது கட்டை. அதனை மனிதன் என்று அறிய வேண்டும் என்று எவ்வளவு விரும்பினாலும் அப்படி அறிய முடியாது. ஒரு கல்லை இறைவன் எனப் பாவித்தல் தியானம். அது நம் முயற்சியினால் நிகழ்வது. நெருப்பை நெருப்பென்று காணுதல் அறிவு. அதற்குப் பாவனை வேண்டியதில்லை.

இக்கருத்தை விளக்க வேதாந்திகள் ஒரு கதை சொல்வதுண்டு. பத்துப் பேர் ஓர் ஆற்றைக் கடந்தனர். கரையேறி ஒருவன் எண்ணினான். ஒன்பது பேரே இருந்தனர். மற்றவர்களும் எண்ணினர், அவர்களுக்கும் ஒன்பதே. பத்தாமவன் வெள்ளத்தோடு போய்விட்டான் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதனர். அவ்வழியே வந்த ஒருவர் எண்ணுகிறவனைச் சுட்டிப் பத்தாமவன் நீயே என்றார். அழுகை நின்றது. பத்தாமவனைத் தேடி ஆற்றிலே எத்தனை முறை மூழ்கினாலும், அவன் பொருட்டு எத்தனை தானங்கள் செய்தாலும் அவன் கிடைத்திருப்பானா? சாந்தோக்கிய உபநிடதத்திலே உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு ஒரே உபதேசத்தை ஒன்பது முறை திருப்பித் திருப்பிச் சொல்வதும் இத்தகைய சுட்டிக் காட்டலே என்பர்.

இதுவரை கேட்டோர், அத்துவைதம் பூசையைத் தள்ளிவிடுகின்றது என்று எண்ணக்கூடும். நான் தாயாரிடத்திலே செய்த பிழை அங்கேதான் இருந்தது. கதையிலே சொன்னவுடன் அழுகை நின்றது. நமக்கோ எத்தனை முறை சொன்னாலும் நிற்பதில்லை. அது ஏன்? கேட்கும் மனம் ஆசையினாலும் அச்சத்தினாலும் கலங்கியிருக்கின்றது. அந்தக் கலக்கத்தைத் தெளிவித்தலே கருமத்தின் பணி. ஆன்மாவைத் துடைக்க இயலாது, மனத்தைத் துடைக்கலாம். பயன் கருதாது செய்யும் பூசை சித்தசுத்தியைத் தரும், சுத்தமான சித்தத்திலே அறியும் வேட்கை பிறக்கும் என்பது சங்கரர் கருத்து. முண்டக உபநிடதம் வேள்விகளை உறுதியற்ற ஓடங்களுக்கு ஒப்பிடுகின்றது. ஆயினும் அதே பகுதியின் முடிவிலே, ஞானத்தை நாடுவோன் கையிலே சமித்தை ஏந்திக் குருவை அணுக வேண்டும் என்றுங் கூறுகின்றது. சமித்து என்பது வேள்வித் தீயில் இடும் விறகு. வேள்வியின் எல்லையைக் கண்டவன் வெறுங்கையோடு வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அத்துவைதிகளுக்குள்ளும் இது முழுவதும் முடிந்த வழக்கன்று. பிரமசித்தி என்னும் நூலை இயற்றிய மண்டனமிசிரர், மகாவாக்கியத்தைக் கேட்டறிந்த பின்னும் தொடர்ந்த தியானம் வேண்டும் என்றார். திசை மயங்கியவனுக்கு இதுதான் கிழக்கு என்று பிறர் சொன்ன பின்னரும் அது மேற்காகவே தோன்றுவதுண்டு. பழக்கத்தினாலேயே அம்மயக்கம் நீங்கும் என்பது அவர் வாதம். புகையிரதத்திலே இரவெல்லாம் உறங்கி விடியலிலே இறங்கியவர்களுக்கு இது நன்கு விளங்கும். சங்கரரின் மாணாக்கராகிய சுரேசுவரர் நைஷ்கர்மியசித்தி என்னும் நூலிலே இத்தகைய கொள்கைகளை வன்மையாக மறுத்தார். மண்டனரே வாதிலே தோற்றுச் சுரேசுவரரானார் என்று மரபு கூறும். ஆராய்ச்சியாளர் பலர் அதனை ஏற்பதில்லை.

நம் நாட்டுத் தமிழருட் சைவ சித்தாந்திகளே பலர். சித்தாந்தமும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என வகுத்து, ஞானமே வீடுபேற்றுக்கு நேர்வாயில் எனக் கொள்கின்றது. ஆயின் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் ஞானியருக்கும் அடியார் வழிபாட்டையும் ஆலய வழிபாட்டையும் கூறுகின்றது. சித்தாந்திக்கு வழிபாடு அன்பு. ஆதலின் முடிந்த பின்னும் முடிவதில்லை. சங்கரருக்கோ அது ஏணி. இவ்வேறுபாட்டை மழுப்பி இரண்டும் ஒன்றே என்று மேடைகளிலே பேசுதல் இரண்டுக்கும் செய்யும் அநீதி என்பது என் எண்ணம்.

அண்மைக் காலத்திலே இவ்வினாவைத் தெளிந்த தமிழிலே எடுத்துக் கூறியவர் திருவண்ணாமலை இரமண மகரிஷி. 1879இல் திருச்சுழியிற் பிறந்து, 1896இல் அண்ணாமலையை அடைந்து, பின் அவ்வூரை விட்டு ஒருநாளும் நீங்காதவர். முருகனார் என்னும் புலவரின் வேண்டுகோளின்படி 1927இல் அவர் முப்பது செய்யுட்களில் ‘உபதேச உந்தியார்’ பாடினார். கருமமே போதும் என்று இறுமாந்திருந்த தாருகாவனத்து முனிவருக்குச் சிவபெருமான் செய்த உபதேசம் என்பது அதன் பின்னணி. கருமம் சடம், தானாகப் பயன் தராது என்று தொடங்கி, உடலாற் செய்யும் பூசை, வாக்காற் செய்யுஞ் செபம், மனத்தாற் செய்யுந் தியானம் என்று ஒன்றினும் ஒன்று உயர்ந்ததாக அந்நூல் காட்டுகின்றது. இறுதியிலே ‘நான்’ என்னும் எண்ணம் எங்கிருந்து எழுகின்றது என நாடும் விசாரணைக்கு நம்மை அழைத்துச் செல்கின்றது. எந்தப் படியையும் அது இகழவில்லை.

அவருடைய வாழ்வும் அப்படியே இருந்தது. அவரைப் பெற்ற அழகம்மையார் 1922இல் மறைந்தபோது, அவருடைய சமாதியின் மேல் இலிங்கம் தாபிக்கப்பட்டது. பின்னர் அங்கே மாத்ருபூதேசுவரர் ஆலயம் கருங்கல்லில் எழுந்து, 1949 மார்ச்சு மாதத்திலே குடமுழுக்குக் கண்டது. உருவமற்ற ஆன்மாவையே வாழ்நாள் முழுவதும் சுட்டிய முனிவர், நோயுற்ற தளர்ந்த உடலோடு அவ்விழாவிலே கலந்துகொண்டார். 1950 ஏப்பிரில் 14ஆந் திகதி அவர் மறைந்தார். அன்னையின் ஆலயத்துக்கு அருகே அவருடைய சமாதியும் இருக்கின்றது. அதன் மீதும் இலிங்கம் உண்டு. அங்கே காலையும் மாலையும் பூசை நடைபெறுகின்றது. பூசை நடக்கும்போது மண்டபத்திலே சிலர் கைகூப்பி நிற்பர். சிலர் கண்மூடி அமர்ந்திருப்பர்.