பெண்களின் முகத்தில் முடி: எலெக்ட்ரோலிசிஸ் செய்யும் தேர்ந்த கையைக் கண்டுபிடிப்பது எப்படி?

அடையாறில் குடியிருக்கும் ஒரு அத்தா சில மாதங்களுக்கு முன் மஃரிபுக்குப் பிறகு நம்மை அழைத்தார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் திடீரென்று நிகாப் அணியத் தொடங்கியபோது, பிள்ளைக்கு மார்க்கப் பற்று வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு வீட்டில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தவர் அவர். ஒரு வருடம் கழித்துத்தான் அந்தப் பெண் உம்மாவிடம் அழுதபடி உண்மையைச் சொல்லியிருக்கிறாள். தாடையிலும் மேலுதட்டிலும் வளரும் முடியை மறைக்கத்தான் நிகாப். சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ்களுக்கு வராமல் தலைவலி என்று படுத்துக்கொண்டதும் அதனால்தான். "ஹஜ்ரத், இதை நிரந்தரமாக எடுக்க மார்க்கத்தில் இடம் உண்டா? உண்டு என்றால் யாரிடம் அழைத்துப் போவது?" என்று கேட்டார்.

முதல் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டோம். இரண்டாவது கேள்விக்குப் பதில் தேட நமக்குச் சில வாரங்கள் ஆயின. மதரஸாவிலும் பி.ஏ. வரலாறு வகுப்பிலும் படித்த நமக்கு மின்சாரமும் தோலும் தெரிந்த பாடமல்ல. தோல் மருத்துவர்களிடம் கேட்டோம். இந்தச் சிகிச்சை எடுத்த சகோதரிகளிடம் நம் வீட்டார் மூலமாக விசாரித்தோம். அந்த அத்தாவுக்குச் சொன்னதை மற்றப் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று, அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறோம்.

மார்க்கச் சட்டத்தை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பச்சை குத்துவதையும் புருவ முடியைப் பறிப்பதையும் அழகுக்காகப் பல்லில் இடைவெளி உண்டாக்குவதையும் கண்டித்து இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இதை வைத்து, பெண்ணின் முகத்தில் எந்த முடியையும் தொடக்கூடாது என்று நம் வீட்டுப் பெரியம்மாக்கள் சிலர் சொல்வார்கள். இமாம் தபரீ அவர்களும் அந்தக் கருத்துடையவர்தான். ஆனால் ஒரு பெண்ணுக்குத் தாடியோ மீசையோ வளர்ந்தால் அதை அகற்றுவது ஹராம் அல்ல, விரும்பத்தக்கது என்று ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவீ அவர்கள் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் இப்னு ஆபிதீன் அவர்களும் அப்படியே சொல்கிறார்கள். ஆகவே தமிழகத்தில் நாம் பின்பற்றும் இரண்டு மத்ஹபிலும் இந்தப் பிள்ளைக்கு வழி இருக்கிறது. இதைச் சாக்காக வைத்துப் புருவத்தை வில் மாதிரி வளைக்கக் கிளம்ப வேண்டாம். அது வேறு விஷயம்.

ஊசியைத் தேடும் முன் காரணத்தைத் தேட வேண்டும். எல்லா மருத்துவர்களும் நம்மிடம் முதலில் சொன்னது இதைத்தான். இளம் பெண்ணின் தாடையிலும் கழுத்திலும் கருத்த, தடித்த முடி வருகிறது, மாதவிடாயும் தள்ளித் தள்ளிப் போகிறது என்றால் பெரும்பாலும் அது பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை. உலக அளவில் சுமார் பத்துப் பெண்களில் ஒருவருக்கு இது இருக்கிறது. இருப்பது தெரியாமலே பலர் வாழ்கிறார்கள். தைராய்டு, புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன் ஆகிய ரத்தப் பரிசோதனைகளும் ஒரு ஸ்கேனும் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஹார்மோனைச் சரிசெய்யாமல் முடியை மட்டும் எடுத்தால், எடுத்த இடத்தில் வராது, பக்கத்தில் புதிதாக வரும். மருந்து எடுத்தாலும் பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். சில மாதங்களுக்குள் வேகமாக முடி பரவுகிறது, குரல் கரகரக்கிறது, முன்தலையில் முடி கொட்டுகிறது என்றால் பார்லரும் வேண்டாம், லேசரும் வேண்டாம். அன்றே ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள். அரிதாக அது ஒரு கட்டியின் அடையாளமாகவும் இருக்கும்.

உம்மாமார்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு காரணமும் உண்டு. மகள் கறுப்பாக இருக்கிறாள், பெண் பார்க்க வருகிறார்கள் என்று மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கித் தடவும் சிவப்பழகு க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, முகத்தில் முடியும் முளைக்கும். தோல் மருத்துவர்கள் தினமும் பார்க்கும் சங்கதி இது. மகளின் மேஜையில் இருக்கும் ட்யூபை டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

காரணம் தெரிந்து வைத்தியமும் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இருக்கிற முடியை என்ன செய்வது?

அடையாறில் எல்.பி. ரோடு முழுக்க நடந்து பாருங்கள். காந்தி நகர், இந்திரா நகர், பெசன்ட் நகர் வரை தோல் கிளினிக்குகளுக்குக் குறைவில்லை. பெரும்பாலான பலகைகளில் லேசர் என்றுதான் இருக்கும், பக்கத்திலேயே 'நிரந்தரம்' என்ற சொல்லும் இருக்கும். அந்தச் சொல்லில்தான் நம் மக்கள் பணத்தை விடுகிறார்கள். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. லேசருக்கு 'நிரந்தரக் குறைப்பு' என்று சொல்லிக்கொள்ளத்தான் அனுமதி தருகிறது. 'நிரந்தர அகற்றம்' என்ற சொல்லை எலெக்ட்ரோலிசிஸுக்கு மட்டுமே வைத்திருக்கிறது.

லேசர் மோசமானதல்ல. கருத்த, தடித்த முடி அடர்த்தியாக இருந்தால் வேகமாகக் குறைக்கும். நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் வகை பாதுகாப்பானது என்கிறார்கள். ஆனால் லேசர் முடியின் கருமையைத் தேடிப் பிடித்துச் சுடுவது. நரைத்த முடியிலும் பூனைமுடியிலும் அதற்கு வேலை இல்லை. அதைவிட முக்கியமாக, கன்னத்திலும் கழுத்திலும் உள்ள மெல்லிய முடியில் லேசர் அடித்தால் சிலருக்கு முடி முன்பைவிட அதிகமாகிறது. நம் போன்ற மாநிறப் பெண்களின் முகத்தில் இது நடப்பதாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பேக்கேஜ் விற்பவர்கள் இதைத் தாமாகச் சொல்வதில்லை.

எலெக்ட்ரோலிசிஸ் பழைய முறை. 1875-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல், கண்ணுக்குள் மடிந்து குத்தும் இமை முடியை வேரோடு அழிக்க இதைப் பயன்படுத்தியதாக எழுதினார். முடி முளைக்கும் குழிக்குள் மயிரிழை போன்ற ஊசியை இறக்கி, மிகச் சிறிய அளவில் மின்சாரம் செலுத்துவார்கள். கால்வானிக் முறையில் அந்தக் குழியில் உள்ள உப்பும் நீரும் காரமாக மாறி வேரை அரிக்கும். தெர்மோலிசிஸ் முறையில் உயர் அதிர்வெண் மின்சாரம் வேரைச் சூடாக்கி அழிக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்வது பிளெண்ட். முடியின் நிறமும் தோலின் நிறமும் இதில் ஒரு பொருட்டல்ல. ஒவ்வொரு முடியாகச் செய்ய வேண்டும் என்பதுதான் இதன் கஷ்டம். எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர் பருவத்தில் இருக்காது என்பதால், ஒரு தாடையை முடிக்க ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

ஆக, கருவியைவிடக் கைதான் இதில் பெரிது. அந்தக் கைக்கு நம் நாட்டில் தனி உரிமம் கிடையாது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் 600 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் முடித்தவருக்குத்தான் எலெக்ட்ராலஜிஸ்ட் என்ற உரிமம் கிடைக்கும். இங்கே சில நாள் பயிற்சி எடுத்துவிட்டு பார்லரில் ஊசி பிடிப்பவரும் உண்டு, இருபது வருடம் செய்து பழகிய தோல் மருத்துவரும் உண்டு. நாம்தான் பிரித்தறிய வேண்டும்.

அந்த அத்தாவுக்கு நாம் சொன்ன வழி இது. வீட்டிலிருந்தே அடையாறு, திருவான்மியூர், மயிலாப்பூர் பக்கத்துக் கிளினிக்குகளுக்கு போன் போடுங்கள். "முடி எடுப்பீர்களா" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். "ஊசி வைத்துச் செய்யும் எலெக்ட்ரோலிசிஸ் உண்டா, செய்வது டாக்டரா உதவியாளரா, அவர் பெண்ணா, எத்தனை வருடமாகச் செய்கிறார்" என்று கேளுங்கள். நேரம் பிடிக்கும், வருமானம் குறைந்த வேலை என்பதால் பலர் இதை விட்டுவிட்டார்கள். நாலைந்து கேள்வியிலேயே பட்டியல் இரண்டு மூன்று பெயராகச் சுருங்கிவிடும். டாக்டர் என்றால் எம்.டி. அல்லது டி.என்.பி. தோல் மருத்துவம் முடித்தவரா என்று பாருங்கள். அவருடைய பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் தளத்தில் சரிபார்க்கலாம். உதவியாளர் செய்கிறார் என்றால் அதனாலேயே ஒதுக்க வேண்டாம். தினமும் செய்யும் உதவியாளரின் கை, மாதம் ஒருமுறை செய்யும் டாக்டரின் கையைவிடத் தேர்ந்ததாக இருக்கக்கூடும். டாக்டர் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். சென்னைக்கு இது புதிதல்ல. மேரி ஷார்லீப் என்ற பெண்மணி 1875-ல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவிகளில் ஒருவர். ஆண் மருத்துவரிடம் போக மறுத்து வீட்டுக்குள்ளேயே மடிந்த பெண்களுக்காக 1885-ல் அவர் தொடங்கிய மருத்துவமனைதான் இன்று திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. 'கோஷா ஆஸ்பத்திரி' என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். கோஷா என்பது நம் பர்தாதான். தனியார் கட்டணம் கட்ட முடியாதவர்கள் பிசிஓஎஸ் பரிசோதனைக்கு இன்றும் அங்கே போகலாம். பெண் மருத்துவர் கிடைக்கவே இல்லை என்றால், உம்மாவோ மஹ்ரமோ உடனிருக்க ஆண் மருத்துவரிடம் சிகிச்சை பெற ஃபுகஹாக்கள் இடம் தருகிறார்கள்.

முதல் நாளே முழுத் தாடையையும் கொடுத்துவிடாதீர்கள். தாடைக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில் பத்து நிமிடம் மட்டும் செய்யச் சொல்லிவிட்டுச் சில வாரம் பொறுங்கள். நம் தோலில் காயம் ஆறினாலும் கருந்தழும்பு நிற்கும் சுபாவம் உண்டு. அந்தப் பத்து நிமிடத்திலேயே கையின் தரம் தெரிந்துவிடும். நல்ல கை ஊசியை இறக்கும்போது தோலைக் குத்துவது போல இருக்காது, இருக்கிற குழிக்குள் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு ஒரு கணம் சுடும், வலிக்கும். அதன்பின் இடுக்கியால் எடுக்கும்போது முடி இழுபடாமல் தானாக வழுகி வர வேண்டும். பிடுங்குவது போல வலித்தால் வேர் சாகவில்லை, வெறும் ட்வீசர் வேலைக்குக் காசு கொடுக்கிறீர்கள். பக்கத்துப் பக்கத்து முடிகளை ஒரே அமர்வில் அடுக்கிச் சுடாமல் இடைவெளி விட்டு எடுக்கிறாரா, உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டுக்கொள்கிறாரா, உங்கள் கண் முன்னால் புது ஊசிப் பொட்டலத்தைப் பிரிக்கிறாரா என்று பாருங்கள். ஊசி விஷயத்தில் தாட்சண்யமே கூடாது. ஒருவருக்குப் போட்ட ஊசி ஹெபடைடிஸ் பி-யையும் எச்.ஐ.வி.யையும் அடுத்தவருக்குக் கொண்டுபோகும்.

சிவப்பும் லேசான வீக்கமும் சில மணி நேரத்தில் அடங்கும். பொடிப் பொக்கு சில நாளில் உதிரும், அதைக் கிள்ளக் கூடாது. குழி விழுந்தாலோ தழும்பு தடித்தாலோ அந்தக் கையை மாற்றுங்கள். கெலாய்டு தழும்பு வரும் உடம்பு, சர்க்கரை, இதயத்தில் பேஸ்மேக்கர், முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை, கர்ப்பம் இவற்றில் எது இருந்தாலும் முன்பே சொல்லிவிட வேண்டும். இதையெல்லாம் கேட்காமல் ஊசியை எடுப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். இடைப்பட்ட நாட்களில் த்ரெடிங்கும் வாக்ஸிங்கும் கூடாது, கத்தரியால் நுனியை வெட்டிக்கொள்ளலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, லேசர் போல மொத்தப் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டாதீர்கள். எலெக்ட்ரோலிசிஸை நேரக் கணக்கில்தான் பேச வேண்டும். மணிக்கு எவ்வளவு, ஒரு அமர்வு எத்தனை நிமிடம் என்று கேட்டு, அன்றைக்கு அன்று கொடுத்துவிட்டு வாருங்கள்.

சகோதரிகள் நம் வீட்டார் மூலம் கேட்ட இன்னொன்று உளூ. மரத்துப்போகத் தடவும் க்ரீம் தோலின் மேல் படலமாக நிற்கும். அதைச் சோப்பால் கழுவிய பிறகே உளூ செய்ய வேண்டும். பொக்கு உடம்போடு சேர்ந்தது, அது தண்ணீரைத் தடுப்பதாகக் கருதப்படாது, பிய்க்க வேண்டியதில்லை. சுத்தமான குளிர்ந்த நீரை மெதுவாக ஊற்றினால் போதும். தண்ணீரே படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தால், காயத்துக்குரிய சட்டத்தை உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அத்தா போன வாரம் மறுபடி அழைத்தார். மகளுக்குப் பிசிஓஎஸ் என்று தெரிந்து மாத்திரை ஓடுகிறது. இரண்டாவதாகப் பார்த்த இடத்தில் கை பிடித்துப்போய், மூன்று வாரத்துக்கு ஒரு முறை உம்மாவோடு போய் வருகிறாள். நிகாபைப் பற்றி நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குடும்பத்தோடு உம்ராவுக்கு டிக்கெட் போட்டிருக்கிறார்களாம், அமர்வு தேதி அந்த நாட்களில் வருகிறதாம், என்ன செய்வது என்று கேட்டார். இஹ்ராம் கட்டிய பிறகு உடம்பிலிருந்து ஒரு முடியையும் வேண்டுமென்று அகற்றக்கூடாது, எடுத்தால் பரிகாரம் கொடுக்க வேண்டி வரும். அதனால் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே அந்த அமர்வை முடித்துவிடச் சொன்னோம், பொக்கும் அதற்குள் உதிர்ந்துவிடும். வீட்டில் உள்ஹிய்யா கொடுப்பவர் அந்தப் பிள்ளையே என்றால், துல்ஹஜ் பிறை 1 முதல் குர்பானி முடியும் வரையும் தேதி வாங்க வேண்டாம் என்று சேர்த்துச் சொன்னோம். டாக்டரிடம் சொல்லி நாளை மாற்றிக்கொள்கிறேன் என்றார்.