உப்பே காவல்

நன்றாக உப்பிட்ட கருவாட்டிலும் சில நேரம் செம்மை படர்வதைக் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். உப்புப் பட்டால் பெரும்பாலான கிருமிகள் உடல்நீரை இழந்து சாகும்; கருவாடு கெடாமல் இருப்பது அதனால்தான். அந்தச் செம்மையோ, உப்பு இல்லாவிட்டால் சாகும் நுண்ணுயிர்களின் நிறம். கடலுப்போடு சேர்ந்தே வந்தவை அவை. உப்பளப் பாத்தியில் நீர் சுண்டச் சுண்ட இளஞ்சிவப்பு ஏறுவதற்கும் இவை ஒரு காரணம்.

உப்பை நாடும் நுண்ணுயிர்களில் சில, உடலுக்குள் பொட்டாசியத்தை நிறைத்து வெளியுப்புக்கு ஈடுகொடுக்கின்றன. வேறு சில, எக்டோயின் என்ற பொருளைத் தாமே தயாரித்து நீரைத் தக்கவைக்கின்றன. ஜெர்மனியில் இப்படிப்பட்ட பாக்டீரியாவை உப்புநீரில் வளர்த்து, சட்டென்று உப்புக் குறைந்த நீருக்கு மாற்றுகிறார்கள். அது எக்டோயினை வெளியே விடும். மறுபடி உப்பில் விட்டால் மறுபடி சேர்க்கும். பசுவைக் கறப்பதுபோலக் கறந்து, தோல் பூச்சுகளில் சேர்க்கிறார்கள்.

பாக்டீரியா தரும் பிளாஸ்டிக்கின் கதை இதைவிடப் பழையது. உணவு மிஞ்சினால் பல பாக்டீரியாக்கள் அதைப் பாலியெஸ்டர் மணிகளாக உடலுக்குள் சேமிக்கும். 1926இல் பிரான்ஸின் பாஸ்டர் நிறுவனத்தில் மொரிஸ் லெமுவான் இந்தப் பாலியெஸ்டரைக் கண்டறிந்தார். மண்ணில் மக்கும் இந்தப் பிளாஸ்டிக் இன்னும் பரவலாகாததற்குக் காரணம் விலை. ஊட்டும் சர்க்கரைக்குச் செலவு. தொட்டியையும் குழாயையும் 121 டிகிரி நீராவியில் சுத்தம் செய்யச் செலவு. அயல் கிருமி நுழைந்தால் மொத்தமும் பாழ்.

சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் குவோச்சியாங் சென் குழு இந்தக் காவல் வேலையை உப்பிடமே ஒப்படைத்தது. சின்ஜியாங்கின் அய்டிங் ஏரியில் கிடைத்த ஹாலோமோனாஸ் பாக்டீரியாவை, லிட்டருக்கு 60 கிராம் உப்பும் காரமும் உள்ள நீரில் வளர்த்தார்கள். கடல்நீரில் இருப்பது ஏறக்குறைய 35 கிராம். நீராவிச் சுத்தம் கிடையாது. ஆனாலும் 14 நாள் இடைவிடாமல் நடந்த வளர்ப்பில் அயல் கிருமி தலையெடுக்கவில்லை என்று 2011இல் அறிவித்தார்கள். பிறகு செல்லின் வடிவத்தையும் பிரிதலையும் ஆளும் மரபணுக்களில் கைவைத்து, அதை நீண்டு பருக்கச் செய்தார்கள். பை பெரிதானால் மணியும் கூடும்! எனக்கு இந்த ஆராய்ச்சியிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நம் மரக்காணம் உப்பளத்திலும் இப்படியோர் உயிர் கிடைத்திருக்கிறது. பாக்டீரியாவிலிருந்து வேறான ஆர்க்கியா வகையைச் சேர்ந்த அதை, பிட்ஸ் பிலானியின் கோவா வளாக ஆய்வாளர்கள் 20 சதவீத உப்பில் வளர்த்துப் பிளாஸ்டிக் எடுத்தார்கள். கரும்புச் சக்கையையும் மரவள்ளிக் கழிவையும் கொண்டே ஊட்ட முடியும் என்றும் காட்டினார்கள். சேலத்து ஜவ்வரிசி ஆலைகளை நினைத்தால் இது சிறிய செய்தி அல்ல. இந்த வகை உயிர்கள் பலவற்றை நன்னீரில் போட்டாலே உறை வெடித்து மணிகள் வெளிவரும்.

ஆனால் 20 சதவீத உப்பு இரும்பை அரிக்கும். தொழிலுக்கு ஹாலோமோனாஸே தோதானது என்று நினைக்கிறேன். மீமிசல், மணமேல்குடிக் கரையில் கடல்நீர் உண்டு, வெயில் உண்டு. அங்கே ஓர் ஆலை வருமானால், வேலை முடிந்த உப்புநீரை எங்கே விடுவது என்பதே முதல் கேள்வி. வயலில் விட்டால் கிணறு உப்பாகும். அதைத் திரும்பத் தொட்டிக்கே அனுப்பும் முறையைச் சென் குழு சோதித்திருக்கிறது. அது இங்கே தேறிய பிறகே அடிக்கல் நட வேண்டும்.