செமினாரில் இடமில்லை, கண்ணில் தூக்கமில்லை

மியூனிக்கிலிருந்து வடக்கே போகும் யூ6 ரயில் கார்ஹிங்கில் முடிகிறது. அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணினியியல் படிக்கும் நம் பிள்ளைகள், பட்டம் பெற ஒரு செமினாரும் ஒரு செய்முறைப் பயிற்சியும் முடித்தாக வேண்டும். விரும்பப்படும் தலைப்புகளில் இடங்கள் எளிதில் நிரம்பிவிடும். மாணவர் தரும் விருப்ப வரிசையையும் ஆசிரியர் தரும் வரிசையையும் பொருத்தி, கணினியே இடம் ஒதுக்குகிறது.

முடிவு வரும்வரை பிள்ளைக்குப் பசியும் இல்லை, தூக்கமும் இல்லை. "இடம் கிடைத்ததா?" என்று நாம் தினமும் போனில் கேட்பது அந்தக் கவலையைக் கூட்டுகிறது. இடம் கிடைக்காதது தேர்வில் தோற்றது போல அல்ல. அடுத்த பருவத்தில் மீண்டும் முயலலாம்.

ஒன்றிரண்டோடு நிறுத்தாமல் பல தலைப்புகளை வரிசைப்படுத்தச் சொல்வோம். அறிமுகக் கூட்டங்களுக்குப் போய்த் தங்கள் ஆர்வத்தை ஆசிரியரிடம் தெரிவிக்கட்டும். பட்டியலைக் கொடுத்தபின் கணினியை மூடிவிட்டு நேரத்தோடு படுக்கட்டும்.

இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமோ பசியோ இல்லையென்றால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. ஷ்டூடியரெண்டன்வெர்க் என்னும் மாணவர் நல அமைப்பு இலவசமாக மனநல ஆலோசனை தருகிறது. மனம் மிகவும் சோர்ந்தால், இரவிலும் 0800 111 0 111 என்ற இலவச எண்ணில் ஜெர்மன் மொழியில் பேசலாம்.

இன்று போன் செய்யும்போது, "சாப்பிட்டாயா, தூங்கினாயா?" என்று முதலில் கேட்போமே!