தாய்ப்பலகைக்கு வந்த காய்ச்சல்

விடுமுறைக்குத் தைப்பிங் திரும்பும்போதெல்லாம் யாராவது ஒரு தம்பி தன் கணினியைப் பார்க்கச் சொல்லி அழைப்பது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் ஏதோ அலுவலகம் கழித்துவிட்ட பழைய கணினி. அதில் பகுதிநேர வேலைப் பணத்தில் வாங்கிய வரைகலை அட்டை. “அண்ணா, கேம் நல்லா ஓடுது, அரை மணி நேரத்துல தானா அணைஞ்சிடுது” என்பதே புகார். அட்டையின் வெப்பநிலையோ சாதாரணமாகவே இருக்கும். காய்ச்சல் தாய்ப்பலகைக்கு!

காரணத்தைப் பார்ப்போம். செயலிக்குத் தேவை ஏறத்தாழ 1.2 வோல்ட். மின்வழங்கி தருவதோ 12 வோல்ட். இதைக் குறைத்துக் கொடுப்பவை செயலியைச் சுற்றியுள்ள மாஸ்ஃபெட் எனும் சிறு கறுப்புச் சில்லுகள். செயலி 100 வாட் இழுத்தால் 80 ஆம்பியருக்கும் மேல் மின்னோட்டம் அவற்றின் வழியே பாய வேண்டும். நூற்றுக்கு 85 பங்கு திறனுடன் வேலை செய்தாலும் சுமார் 17 வாட் வெப்பமாகிவிடும். முன்பு வரைகலை மெதுவாக இருந்ததால் செயலி பாதி நேரம் காத்துக் கிடந்தது. புதிய அட்டை வந்ததும் அதற்கும் ஓய்வில்லை. போதாததற்கு அட்டை கக்கும் 150 வாட் அனலும் அதே பெட்டிக்குள் சுழல்கிறது. சில பழைய பலகைகளில் சிப்செட்டின் வெப்பத்தகடு சரியாக அட்டையின் அடியில் மாட்டிக்கொள்ளும்.

அட்டை செருகப்படும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் துளை அதிகபட்சம் 75 வாட் தரலாம் என்பது விதி. மீதியைத் தனிக் கம்பி தர வேண்டும். 2016 ஜூனில் ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 480 அட்டை வெளிவந்தபோது அது துளையிலிருந்தே 75 வாட்டுக்கு மேல் இழுப்பதைச் சோதித்தவர்கள் கண்டுபிடித்தனர். அடுத்த மாதமே நிறுவனம் மென்பொருள் வழியாக அதைத் திருத்தியது. பழைய பலகையில் இந்த அட்டையைப் பொருத்துபவர்கள் புதிய இயக்கி மென்பொருளைப் போட்டுக்கொள்வது நல்லது.

மின்தேக்கிகளின் கதைதான் எனக்கு மிகவும் கவலை தருவது. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட மின்தேக்கி, ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஏறத்தாழ இருமடங்கு வாழும். 75 டிகிரியில் 16,000 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் ஐந்தரை ஆண்டு. 85 டிகிரியானால் மூன்று ஆண்டுகூட இல்லை. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தரமற்ற மின்தேக்கிகள் உலகெங்கும் உப்பி வெடித்தன. டெல் நிறுவனத்தின் ஆப்டிபிளெக்ஸ் கணினிகளும் அதில் சிக்கின. இறுதியாண்டு ஆய்வேட்டையும் அதே கணினியில் வைத்திருப்பவர்கள் முதலில் அதைப் பென்டிரைவில் நகலெடுங்கள். பிறகு பெட்டியைத் திறந்து மின்தேக்கிகளின் தலை தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் புதிய அட்டைக்கு ஆசைப்பட வேண்டாம்.

தட்டையாக இருந்தால் வழியுண்டு. பெட்டியின் பின்புறம் காற்றை வெளியே தள்ளும் ஒரு 120 மில்லிமீட்டர் விசிறி போதும். பெரும்பாலும் அதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். அட்டையின் மின் வரம்பை மென்பொருளில் 80 விழுக்காட்டுக்குக் குறைத்தால் விளையாட்டின் வேகம் சிறிதளவே குறையும். நம்மூர்ப் பிள்ளைகள் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை விசிறியைத் திருப்பி வைப்பார்கள். வெப்பம் குறையும், உண்மைதான். ஆனால் மழைக்குப் பேர்போன தைப்பிங்கில் ஈரக்காற்றும் தூசியும் சேர்ந்து பலகையில் அப்பிக்கொள்ளும். பல்லியும் உள்ளே குடியேறும். ஒருமுறை மின்வழங்கிக்குள்ளிருந்து நான் எடுத்தது பல்லி முட்டைகள்.