இடப்புறத் திருப்பக் குறிவிளக்குகள் (ஐக்கிய அமெரிக்கா)

இடப்புறத் திருப்பக் குறிவிளக்குகள் என்பவை, சாலைச் சந்திப்பில் இடப்புறம் திரும்ப விரும்பும் ஓட்டுநருக்கு எப்போது திரும்பலாம், யாருக்கு வழிவிட வேண்டும் என்பதை அறிவிக்கும் போக்குவரத்து விளக்குகள் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் செல்கின்றன. எனவே இடப்புறம் திரும்பும் வாகனம், எதிரே வரும் வாகனங்களின் பாதையைக் குறுக்கே கடந்தாக வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் வலப்புறம் திரும்புவதே இதற்கு இணையானது. அந்நாட்டின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2010 இல் வெளியிட்ட ஆய்வின்படி, சந்திப்புகள் தொடர்பான விபத்துகளில் ஏறத்தாழ 22 விழுக்காட்டில் இடப்புறம் திரும்பியதே விபத்துக்கு முந்தைய முக்கிய நிகழ்வாக இருந்தது.

திருப்ப முறைகள்

இடப்புறத் திருப்பம் மூன்று முறைகளில் அனுமதிக்கப்படுகிறது.

1. பாதுகாக்கப்பட்ட திருப்பம்: பச்சை அம்பு ஒளிரும்போது எதிரே வரும் வாகனங்களுக்குச் சிவப்பு விளக்கு இருக்கும். திரும்பும் ஓட்டுநருக்கே முன்னுரிமை.
2. வழிவிட்டுத் திரும்புதல்: எதிரே வரும் வாகனங்களுக்கும் பச்சை விளக்கு இருக்கும். அவற்றுக்கும் பாதசாரிகளுக்கும் வழிவிட்டு, போதிய இடைவெளி கிடைத்த பின்னரே திரும்ப வேண்டும்.
3. கலப்பு முறை: ஒரே சுழற்சியில் சிறிது நேரம் முதல் முறையும் சிறிது நேரம் இரண்டாம் முறையும் இயங்கும்.

முதல் முறை மிகவும் பாதுகாப்பானது. ஆனால் அதற்கெனத் தனி நேரம் ஒதுக்க வேண்டியிருப்பதால் மற்ற வாகனங்களின் காத்திருப்பு கூடும். கலப்பு முறை காத்திருப்பைக் குறைக்கிறது. ஆயினும் விளக்கின் பொருளை ஓட்டுநர் சரியாகப் புரிந்துகொள்வதைச் சார்ந்தே அதன் பாதுகாப்பு அமைகிறது.

வட்டப் பச்சையும் குழப்பமும்

கலப்பு முறைக்கு நெடுங்காலம் ஐந்து விளக்குகள் கொண்ட பெட்டி பயன்பட்டு வந்தது. மேலே ஒரு சிவப்பு விளக்கும், அதன் கீழே இரண்டு வரிசைகளில் மஞ்சள், பச்சை விளக்குகளும் இருக்கும். நாய்க்கூண்டின் கூரையை ஒத்த வடிவம் என்பதால் இதற்கு 'நாய்வீடு' என்ற பட்டப்பெயரும் உண்டு. இதில் அம்பு ஒளிர்ந்தால் முன்னுரிமை. வட்டப் பச்சை மட்டும் ஒளிர்ந்தால் வழிவிட வேண்டும்.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. நேரே செல்பவருக்கு 'போகலாம்' என்று பொருள்படும் அதே வட்டப் பச்சை, இடப்புறம் திரும்புபவருக்கு 'வழிவிட்டுப் போ' என்று பொருள்படுகிறது. பச்சை என்றாலே தமக்கு உரிமை உண்டு என்று எண்ணி எதிர்வரும் வாகனத்தின் முன் திரும்பிவிடும் ஓட்டுநர்கள் இருந்தனர். 'வட்டப் பச்சையில் இடப்புறம் திரும்புவோர் வழிவிடவும்' என்ற பலகைகள் வைக்கப்பட்டதற்கு இதுவே காரணம். சில இடங்களில் வேறு தீர்வுகளும் கையாளப்பட்டன. மிச்சிகனில் விட்டுவிட்டு ஒளிரும் சிவப்பு வட்டமும், டெலவேரில் சிவப்பு அம்பும், சியாட்டிலில் மஞ்சள் வட்டமும் பயன்பட்டன. இதனால் மாநிலம் மாறினால் விளக்கும் மாறும் நிலை உருவானது.

மஞ்சள் பொறி

வட்டப் பச்சையின் மற்றோர் ஆபத்து 'மஞ்சள் பொறி' எனப்படுகிறது. வடக்கு நோக்கிச் செல்லும் ஒருவர் இடப்புறம் திரும்பச் சந்திப்பின் நடுவில் காத்திருப்பதாகக் கொள்வோம். அவருடைய விளக்கு மஞ்சளாக மாறுகிறது. எதிரே வருபவர்களுக்கும் மஞ்சள் வந்திருக்கும், அவர்கள் நின்றுவிடுவார்கள் என்று கருதி அவர் திரும்புகிறார். ஆனால் எதிர்ப்பக்கத்தில் இடப்புறம் திரும்புவோருக்கான பச்சை அம்பு சுழற்சியின் இறுதியில் வருமாறு அமைக்கப்பட்டிருந்தால், அங்கே நேரே வருபவர்களுக்கும் பச்சை நீடிக்கும். அவர் வேகமாக வரும் வாகனங்களின் முன் சிக்கிக்கொள்வார். டெக்சாசின் டாலஸ் நகரில், திரும்பும் தடத்துக்கு மட்டும் தெரியும்படி மறைப்புத் தகடு பொருத்திய தனி விளக்கின் மூலம் இதற்குத் தீர்வு காணப்பட்டது.

விட்டுவிட்டு ஒளிரும் மஞ்சள் அம்பு

தேசியக் கூட்டுறவு நெடுஞ்சாலை ஆய்வுத் திட்டத்தின் 493 ஆம் அறிக்கை 2003 இல் வெளியானது. ஓட்டுநர் பாவனைக் கருவிகள் மூலமும் பல்வேறு விளக்கமைப்புகள் அதற்காகச் சோதிக்கப்பட்டன. விட்டுவிட்டு ஒளிரும் மஞ்சள் அம்பை ஓட்டுநர்கள் நன்கு புரிந்துகொள்கின்றனர் என்றும், உரிமை உண்டு என்று தவறாகக் கருதும் ஆபத்தான பிழை அதில் குறைவு என்றும் அறிக்கை முடிவு செய்தது. கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் 2006 இல் இதற்கு இடைக்கால ஒப்புதல் அளித்தது. சீரான போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் கருவிகள் கையேட்டின் 2009 ஆம் ஆண்டுப் பதிப்பில் இது இடம்பெற்றது.

இதன் வழக்கமான அமைப்பில் மேலிருந்து கீழாகச் சிவப்பு அம்பு, நிலையான மஞ்சள் அம்பு, விட்டுவிட்டு ஒளிரும் மஞ்சள் அம்பு, பச்சை அம்பு என நான்கு விளக்குகள் உள்ளன. இந்த அம்பு நிமிடத்துக்கு 50 முதல் 60 முறை ஒளிரும். பக்கத்துத் தடத்தின் விளக்கைச் சாராமல், எதிரே வரும் வாகனங்களின் பச்சையோடு சேர்ந்து இது இயங்கக்கூடியது. எதிரே பச்சை நீடிக்கும் வரை இதுவும் ஒளிர்ந்துகொண்டிருப்பதால் மஞ்சள் பொறி தவிர்க்கப்படுகிறது.

பாதுகாப்பு விளைவுகள்

ஏற்கனவே கலப்பு முறையில் இயங்கிய சந்திப்புகளில் இந்த அம்பு பொருத்தப்பட்டபோது இடப்புறத் திருப்ப விபத்துகள் குறைந்தன. பாதுகாக்கப்பட்ட திருப்பம் மட்டுமே இருந்த இடங்களில் அத்தகைய பயன் கிட்டவில்லை. வழிவிட்டுத் திரும்பும் வாய்ப்பு அங்கே புதிதாகச் சேர்வதே காரணம். எனவே எதிர்வரும் வாகனங்கள் சரியாகத் தெரியாத இடங்களிலும், வேகம் மிகுந்த சாலைகளிலும் பாதுகாக்கப்பட்ட திருப்பமே பொருத்தமானது.

பாதசாரிகளின் நிலை தனிக் கவனத்துக்குரியது. வழிவிட்டுத் திரும்பும் ஓட்டுநரின் கண்கள் எதிர்வரும் வாகனங்களுக்கு இடையே உள்ள இடைவெளியையே தேடுகின்றன. அவர் திரும்பிச் செல்லும் சாலையை அதே நேரத்தில் பாதசாரிகள் கடந்துகொண்டிருப்பார்கள். ஓரிகனில் பாவனைக் கருவியில் கண்ணசைவுகளைப் பதிவு செய்த ஆய்வில், ஓட்டுநர்களில் ஒரு பகுதியினர் பாதசாரிகளைப் பார்க்கவே இல்லை என்பது தெரியவந்தது. பாதசாரிகள் கடக்கும் நேரத்தில் மஞ்சள் அம்பை நிறுத்தி வைப்பது இதற்கான தீர்வுகளுள் ஒன்று.

ஓட்டுநர் கவனத்துக்கு

விட்டுவிட்டு ஒளிரும் மஞ்சள் அம்பு திரும்ப அனுமதி தருகிறதே தவிர, முன்னுரிமை தருவதில்லை. அது நிலையாக ஒளிரத் தொடங்கினால் அனுமதி முடியப்போகிறது என்று பொருள். காத்திருக்கும்போது சக்கரங்களை நேராக வைத்திருப்பது நல்லது. பின்னால் வரும் வாகனம் மோதினாலும் எதிர்த்தடத்துக்குள் தள்ளப்படும் வாய்ப்பு குறையும். இந்தியாவில் ஓட்டப் பழகியவர்கள் அங்குள்ள 'ஃப்ரீ லெஃப்ட்' பழக்கத்தை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது எதிர்வரும் பாதையைக் கடக்காத திருப்பம். இது கடக்கும் திருப்பம்.