தூங்கிய மலை விழித்தது

சுமத்திரா என்றாலே நம் ரஹாங் வட்டாரத் தோட்ட மக்களுக்குப் புகைமூட்டம்தான் ஞாபகம் வரும். அங்கே காட்டைக் கொளுத்தினால் இங்கே நமக்கு இருமல்! அதே சுமத்திராவில், நமக்கு மேற்கே சுமார் 400 கிலோமீட்டர் தூரத்தில், தானாகவே புகைகிற மலை ஒன்றும் உண்டு. பெயர் சினாபுங். உயரம் 2,460 மீட்டர்.

மேடான் நகருக்குத் தெற்கே காரோ மேட்டுநிலத்தில் நிற்கிறது அது. மேடான் நமக்கு அந்நிய ஊரல்ல. நம் பாட்டன்மார் மலாயாவுக்குக் கப்பலேறிய காலத்தில், அக்கரையில் டெலி புகையிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழரும் உண்டு. 1884இல் எழுந்த மாரியம்மன் கோயில் இன்றும் மேடானில் இருக்கிறது.

சினாபுங் அடுக்கு எரிமலை. நெருப்புக் குழம்பும் சாம்பலும் மாறி மாறிப் படிந்து வளர்ந்தது. அந்தச் சாம்பல் மண்ணில் கோஸ், உருளைக்கிழங்கு, ஆரஞ்சு, காப்பி எல்லாம் செழிக்கும். 1600க்குப் பிறகு வெடித்ததாக உறுதியான பதிவு இல்லாததால், இந்தோனேசிய அதிகாரிகள் அதை இரண்டாம் வகையில்தான் வைத்திருந்தார்கள். சனங்களும் பயமில்லாமல் அடிவாரம் வரை பயிர் செய்தார்கள்.

2010 ஆகஸ்டு 29ஆம் தேதி, நடுநிசி தாண்டி மலை வெடித்தது. ஆயிரக்கணக்கானோர் ஊரைக் காலி செய்தார்கள். கொஞ்ச நாளில் அடங்கியது. 2013 செப்டம்பரில் மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை லேசில் விடவில்லை.

உச்சியில் கெட்டிக் குழம்பு மேடாகத் திரளும். பாரம் தாங்காமல் உடைந்தால், பல நூறு டிகிரி சூட்டில் வாயுவும் சாம்பலும் கல்லும் ஒன்றாகச் சரிந்து வரும். மோட்டார் சைக்கிளில் பறந்தாலும் தப்புவது கஷ்டம். 2014 பிப்ரவரி 1ஆம் தேதி சுக்காமெரியா கிராமத்தில் அதுதான் நடந்தது. குறைந்தது 16 பேர் மாண்டார்கள். அதற்கு முந்தின நாள்தான், 5 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊர்க்காரர்கள் வீடு திரும்பலாம் என்று அனுமதி தரப்பட்டிருந்தது. சுக்காமெரியாவோ அந்த எல்லைக்கு உள்ளே இருந்த ஊர்.

2016 மே மாதம் கம்பெர் கிராமத்தில் 7 பேர். அதுவும் தடை செய்த பகுதிதான். தோட்ட வேலை பார்க்கப் போனவர்கள்.

"போகாதேன்னு சொன்னா கேக்கணும்ல?" என்று நம்மில் சிலர் சொல்லக்கூடும். முகாமில் மாதக்கணக்கில் கிடப்பவனுக்குக் கடன் நிற்குமா? பிள்ளைகளின் பள்ளிச் செலவு நிற்குமா? விளைந்த காய் அழுகுவதைப் பார்த்துக்கொண்டு எவன் சும்மா இருப்பான்? மழை நாளில் பால்வெட்டு இல்லாமல் கூலி போன வீட்டாருக்கு இது புரியும். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. வெளியேறச் சொன்னால் மட்டும் போதாது, வெளியேறியவனுக்கு வயிற்றுப்பாட்டுக்கு வழியும் வேண்டும்.

சுக்காமெரியா உள்ளிட்ட கிராமத்தாருக்குச் சியோசாரில் புதுக் குடியிருப்பு அமைத்தது அரசாங்கம். மலை அதற்குள் ஓயவில்லை. 2018 பிப்ரவரியில் உச்சியின் ஒரு பகுதியே பெயர்ந்துபோனது. 2020 ஆகஸ்டில் 5 கிலோமீட்டர் உயரத்துக்குச் சாம்பல் எழும்பி, சுற்றுவட்டார விளைநிலங்களில் கொட்டியது.