மண்ணீரலை எடுத்தாச்சா? ஆபரேஷன் செலவு முடிஞ்சது, ஊசி செலவு பாக்கி இருக்கு!



கம்மாபுரத்துல இருந்து தினமும் பைக்ல விருத்தாசலம் செராமிக் கம்பெனிக்கு வேலைக்குப் போற ஒருத்தரை நினைச்சுக்கோங்க. வழியில ஒரு விபத்து. வயித்துல அடிபட்டு மண்ணீரல் கிழிஞ்சுடுச்சு. அதை எடுத்துட்டு உயிரைக் காப்பாத்திட்டாங்க.

செலவு? விபத்துக்கு முதல் 48 மணி நேரம் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கு, 2021 டிசம்பர்ல ஆரம்பிச்சது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை கவர். "அப்பாடா, கைக்காசு பெருசா போகலை"ன்னு வீட்டுக்கு வந்துடுவாங்க.

இங்கதான் பலரும் ஒரு செலவைக் கோட்டை விடுறாங்க.

மண்ணீரல் நம்ம ரத்தத்துக்கு வடிகட்டி மாதிரி. நிமோகாக்கஸ் போன்ற கிருமிகளைப் பிடிச்சு அழிக்கும். அது இல்லாதவங்களுக்கு, சாதாரணக் காய்ச்சலா ஆரம்பிக்கிற தொற்று ஒண்ணு ரெண்டு நாள்லயே உயிருக்கு ஆபத்தாகலாம். இது அபூர்வம்தான். ஆனா வந்துட்டா, பாதிப் பேர் வரைக்கும் பிழைக்கிறதில்லை. முதல் 2–3 வருஷம் ரிஸ்க் அதிகம். அதுக்கப்புறமும் ஆயுசுக்கும் தொடரும்.

அதனால இந்த 5 விஷயத்தைக் குறிச்சு வச்சுக்கோங்க:

1. ஊசி: நிமோகாக்கல், மெனிங்கோகாக்கல், ஹிப், வருஷா வருஷம் ஃப்ளூ. திட்டமிட்ட ஆபரேஷன்னா 2 வாரம் முன்னாடியே போடணும்; அவசர ஆபரேஷன்னா பொதுவா 2 வாரம் கழிச்சு. சிலதை 5 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டியிருக்கும். தனியார்ல போட்டா மொத்தத்துல பத்தாயிரத்தைத் தாண்டலாம். டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட தேதி எழுதி வாங்கிடுங்க.

2. காய்ச்சல்: "காலைல பார்த்துக்கலாம்"னு இருக்காதீங்க. ராத்திரின்னாலும் உடனே ஆஸ்பத்திரி. கையில வச்சுக்க ஆன்டிபயாடிக் வேணுமான்னு டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேளுங்க.

3. சீட்டு: "எனக்கு மண்ணீரல் இல்லை"ன்னு எழுதி ஆதாரோட பர்ஸ்ல வையுங்க. நாய் கடிச்சாலும் இதை டாக்டர்கிட்ட சொல்லணும். ரேபிஸ் ஊசி மட்டும் போதாது, ஆன்டிபயாடிக்கும் தேவைப்படும்.

4. இன்சூரன்ஸ்: புது பாலிசி எடுக்கும்போது ஆபரேஷனை மறைக்காதீங்க. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் இப்போ அதிகபட்சம் 3 வருஷம்தான். மறைச்சா க்ளெய்ம் மறுக்கப்படலாம். பல பாலிசில தடுப்பூசிக்குக் கவர் இல்லை, எடுக்கும்போதே கேட்டுக்கோங்க.

5. தனி உண்டியல்: மாசம் 500 ரூபாய் ஆர்டி போட்டா வருஷத்துக்கு 6,000. ஃப்ளூ ஊசிக்கும், அடுத்த ரவுண்டு ஊசிக்கும், ராத்திரி ஆட்டோ செலவுக்கும் ஆகும்.

கணக்கு சிம்பிள். இன்னைக்கு ஊசிக்குச் சில ஆயிரம். விட்டுட்டா ஐசியூ பில் லட்சத்துல. அதுவும் உயிர் மிஞ்சினாத்தான் பில்லைப் பத்தியே பேச்சு.

உங்க வீட்லயோ தெருவுலயோ மண்ணீரல் எடுத்தவங்க இருந்தா, இன்னைக்கே ஒரு கேள்வி கேளுங்க: "ஊசி போட்டாச்சா?"